நீலக்குழியில் என்னை விட்டுப் போனவன்

என் பெரியம்மாவின் மகன் என் உயிரைக் காப்பாற்றினான் என்று ரொறன்ரோவில், ஸ்காபரோவின் பல விழா மண்டபங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. வாயில் மட்டன் ரோல்ஸுடன், அதே மேசையில் இருந்து நானே அதைக் கேட்டிருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யை அவன் வாயாலேயே திருப்பி எடுக்கவைக்க வேண்டும் என்று ஒரு முழு மாரிகாலம் காத்திருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நடுவில் மால்டாத் தீவைச் சுற்றியிருக்கும் கடலடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அதைப் பார்க்காதவர்களுக்கு என் கோபத்தின் அளவு விளங்காது.

நான் ஸ்காபரோவின் வோபர்னில் வளர்ந்தவள். ஏரி இருக்கிறதே என்பீர்கள். ஒன்ராறியோ ஏரிக்குள் ஒருமுறை தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில், ஓர் இடத்தில் இருந்து படிக்க முடியாமல் ஓடித்திரிந்த ஒரு மாரியில், ஸ்குபா வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் நீச்சல் தடாகத்தின் ஆழமான பக்கத்தில், அடியில் முழங்காலிட்டு, வாயில் கடித்திருந்த ரெகுலேட்டரால் மூச்சை இழுத்தேன். தண்ணீருக்குள் காற்று வந்தது. அவ்வளவுதான், முடிந்தது என் கதை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அன்ரி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டா.

கோடை வந்ததும் பயிற்சி நகரத்துக்கு வெளியே, தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் ஒரு பழைய கற்குழிக்கு மாறியது. பச்சைத் தண்ணீர். பற்கள் கிட்டிக்கும் குளிர். அடியில் யாரோ இறக்கிவிட்ட பள்ளிப் பேருந்து ஒன்று இருக்கிறது, அதன் சாரதி இருக்கையில் எப்போதும் ஒரு மீன். அந்தப் பேருந்தைச் சுற்றிச் சுற்றி நான் பழகினேன், சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, மழை, வெயில். ஒரு வருடம் கழித்துப் பெரியம்மாவின் மகனும் எங்கள் ஸ்குபாக் கழகத்தில் சேர்ந்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவன், அதனால் எனக்கு அண்ணா, பக்கத்து நகரமான பிக்கரிங்கில் வீடு, நல்ல வேலை, எல்லாவற்றிலும் நல்ல சாமான்தான் வேண்டும். முதல் வகுப்புக்கே பெரிய கமெராவோடு வந்தான். மிதக்கத் தெரியுமுன் படமெடுக்கத் தொடங்கினான்.

பிறகு கழகம் மால்டாவுக்குப் பயணம் அறிவித்தது. நான் அன்றே பெயரைக் கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஆர் ஆர் போகினம்?"

"கழகத்து ஆக்கள், அம்மா."

"எங்கட ஆக்கள் ஆர் எண்டு கேக்கிறன்."

"அண்ணாவும் வாறாராம்."

"அப்ப போ. அண்ணான்ர கையை விடாதை."

ஸ்குபாவில் யாரும் தனியாக இறங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. இறங்குமுன் ஒருவரின் வாரையும் காற்றையும் மற்றவர் பார்க்கவேண்டும். கீழே ஒருவரின் கண்ணில் இருந்து மற்றவர் மறையக்கூடாது. மறைந்தால் ஒரு நிமிடம் தேடிவிட்டு இருவரும் மேலே வரவேண்டும். சோடியைத் திறமை பார்த்துத்தான் சேர்ப்பார்கள். எங்களை அப்படிச் சேர்க்கவில்லை. தண்ணீரில் கால் வைக்காத இரண்டு சகோதரிகள் பிக்கரிங்குக்கும் வோபர்னுக்கும் இடையில் தொலைபேசியில் தீர்மானித்தார்கள். எங்கள் பயிற்றுநர் நியூஃபவுண்ட்லண்ட் தீவுக்காரி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டா. "குடும்பமா? சரி" என்று எழுதிக்கொண்டா. யார் முன்னால் போவது என்பதை யாரும் கேட்கவும் இல்லை. கீழே எனக்குத்தான் அனுபவம் கூட. ஆனால் அவன் அண்ணா. கோயிலுக்குப் போனாலும் கொஸ்கோ கடைக்குப் போனாலும் அவன் முன்னால் நடப்பான், நான் பின்னால் நடப்பேன். கடலுக்குள்ளும் அப்படியே நடந்தோம்.

முதல் நாள் சிர்கேவா. மால்டாவின் வடமுனையில், பக்கத்துத் தீவான கோசோவுக்குப் படகு போகும் துறை. லொறிகளும் பேருந்துகளும் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருக்க, அவற்றுக்கு அருகிலேயே நாங்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பாறையில் இருந்து கடலுக்குள் குதித்தோம். எங்கள் ஊர்க் கென்னடி ஸ்டேஷன் பஸ் தரிப்பில் இருந்து நேரே வேறொரு உலகத்துக்குள் குதிப்பது மாதிரி. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். அடி தெரிந்தது. பச்சைக் குழியில் பழகிய எனக்கு, யாரோ கடலில் இருந்து தண்ணீரை மட்டும் வெளியே எடுத்துவிட்டார்களோ என்று இருந்தது. கீழே மணலில் ஒரு இழுவைப் படகு, யாரோ தரித்து வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றிச் சின்னக் கறுப்பு மீன்கள் புகை மாதிரிக் கலைந்து கலைந்து கூடுகின்றன. நான் அதன் மேல்தளத்துக்கு மேலே கைகளைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததே இல்லை.

அங்கேயே, ஒரு சிறிய குகைக்குள், மாதா சிலை ஒன்று இருக்கிறது. கடலுக்குள் சாமியைக் கண்டதும் என் அண்ணாவுக்குப் பக்தி வந்துவிட்டது. கமெராவை வாரில் தொங்கவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். மூச்சையும் நன்றாக உள்ளே இழுத்திருக்கவேண்டும். கும்பிட்டபடியே மெல்ல மேலே போய்க் குகைக் கூரையில் தலையை இடித்தான். நான் சிரித்த சிரிப்பில் என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் நான் பிறவியிலேயே பொல்லாதவள் என்று சொல்லக்கூடாது.

இரண்டாம் நாள் கொமினோ. மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவில் ஒரு சின்னத் தீவு, அதன் அடியெல்லாம் குகை. படகில் இருந்து இறங்கிய உடனேயே மீன்கள் எங்களை மொய்த்துக்கொண்டன. வெள்ளி உடம்பு, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவும் முகத்துக்கு முகம் வந்து, ஏதாவது கொண்டுவந்தாயா என்று பார்க்கின்றன. கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசை திறந்த மாதிரி. அவற்றைத் தாண்டிக் குகைக்குள் போனால், ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் வாசலில் நீலம். அந்த நீலத்துக்குத் தமிழில் ஒரு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவன் அங்கேயும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை நான் போய் அவனுடைய கால்துடுப்பைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. படகில் ஏறியதும் சொன்னேன்.

"அண்ணா, என்னைப் பாத்துக்கொண்டு வாங்கோ. உங்களை நான்தான் தேடித் திரியிறன்."

"உனக்கென்ன, நீ மீன் மாதிரி. உன்னை ஏன் பாக்கவேணும்?"

அதை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நீலக்குழி. கோசோவின் மேற்குக் கரையில் துவேய்ரா என்ற இடம். முழுப் பாரத்தையும் முதுகில் சுமந்துகொண்டு, கத்தி மாதிரிக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு மேலால் நடக்கவேண்டும். நடந்து முடிந்தால் பாறைக்குள் வட்டமாக ஒரு கிணறு. கடலுக்குப் பக்கத்தில், கடலோடு ஒட்டாததுபோல் இருக்கும். அதற்குள் இறங்கினால் பக்கச் சுவரில் பெரிய வாசல் ஒன்று திறக்கிறது. அந்த வாசலால் வெளியே போனால் திறந்த கடல். முன்பு அந்தக் கரையில் பிரபலமான கல் வளைவு ஒன்று நின்றது. புயலில் விழுந்துவிட்டது. வானத்தில் நின்ற கல் எல்லாம் இப்போது கடலடியில் கிடக்கிறது. வீடு வீடான பாறைகள், இன்னும் பாசி முற்றாகப் பிடிக்காத வெள்ளை வெட்டுமுகங்கள். அது மேலே நின்ற காலத்தில் நான் பிறந்திருந்தும் போய்ப் பார்க்கவில்லை, விழுந்தபிறகு அதற்கு நடுவில் நீந்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு முன்னால் வழிகாட்டியும் மற்றவர்களும். எங்கள் பயிற்றுநர் அன்று இன்னொரு குழுவோடு வேறிடத்தில். ஒரு பெரிய பாறைக்கு அருகில் அவன் நின்றான். பாறைக்கு அந்தப் பக்கம் எதையோ கண்டுவிட்டான். பிறகு தெரிந்தது, சீலா மாதிரி நீண்ட வெள்ளி மீன்கள் ஒரு கூட்டம். திரும்பி என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினான். இரு என்று அர்த்தம். கமெராவைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனான்.

சோடி பிரியக்கூடாது. இது எனக்குத் தெரியும், நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். வேறு யாராவது அப்படிக் கையைக் காட்டியிருந்தால் காலைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் அண்ணா இரு என்றான், நான் இருந்தேன். வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி, அந்தப் பாறைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவன் வரவில்லை. நான் பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மீனும் இல்லை, அண்ணாவும் இல்லை. முன்னால் போனவர்களின் காற்றுக்குமிழிகளும் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம், ஒரே மாதிரி. சுற்றிப் பார்த்து, ஒரு நிமிடம் தேடி, மேலே வரத் தொடங்கினேன். மெதுவாக. மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, ஐந்து மீற்றரில், மூன்று நிமிடம் நிற்கவேண்டும். உடம்பில் சேர்ந்த காற்று வெளியேறுவதற்கு. பிடிக்க ஒன்றுமில்லை. கீழே அடி தெரியவில்லை. என் மூச்சின் சத்தம் மட்டும், பெரிய மிருகம் ஒன்று பக்கத்தில் நித்திரை கொள்வது மாதிரி. நான் பயந்தேனா? பயந்தேன். ஆனால் செம்மஞ்சள் மிதவைக் குழாயை விரித்து, காற்றூதி, நான் நிற்கும் இடம் தெரிய மேலே அனுப்பினேன். நிமிடத்தை எண்ணினேன். முடிந்ததும் ஏறினேன். எல்லாம் நானே. இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தை மறக்கக்கூடாது.

மேலே கடல் கொஞ்சம் எழும்பியிருந்தது. அலை என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் குடித்தேன். குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி முதுகுநீச்சலில் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவன் பாறையில் நிற்கிறான். சிலிண்டரையும் கழற்றிவிட்டான். மற்றவர்களுக்குப் பின்னால் குழியால் ஏறி வந்துவிட்டு, நான் அவர்களோடு வந்திருப்பேன் என்று நினைத்தானாம். என்னைக் கண்டதும் கத்திக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தான். கரைக்கும் எனக்கும் இடையில் ஒரு பஸ்ஸின் நீளம்கூட இருக்காது. வந்து என் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கரையில் நின்ற எல்லாரும் கண்டது அதைத்தான்: ஒருவன் பாய்கிறான், ஒருத்தியை இழுத்து வருகிறான், அவள் பாறையில் கவிழ்ந்து சத்தி எடுக்கிறாள்.

நான் சத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, என் தலைக்கு மேலே அவன் ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது. "பயந்துவிட்டாள். மேலே ஓடிவிட்டாள். நல்ல காலம் நான் கண்டேன்."

வாயில் உப்பும் காலைச் சாப்பாடும் இருந்தால் மறுத்துப் பேச முடியாது. பிறகு பேசினேன். பயிற்றுநரிடம் முழுவதையும் சொன்னேன். அவவுக்கு முன்னால் இரண்டு கதைகள் இருந்தன. கரையில் நின்றவர்கள் எல்லாரும் அவன் கதையைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். "நாளைக்கு நீ இறங்கவேண்டாம்" என்றா.

நாளைக்கு என்பது உள்கடல். அது நீலக்குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன உப்பேரி, அந்தப் பக்கம் பெரிய கடல். இரண்டையும் மலையைக் குடைந்துகொண்டு போகும் ஒரு சுரங்கவழி இணைக்கிறது. சுழியோடிகள் இருட்டுக்குள் நீந்திப் போய், முடிவில் மலைச்சுவர் ஆழத்துக்குள் இறங்கும் இடத்தில் வெளியே வருவார்கள். ரொறன்ரோவில் இருந்து புறப்படுமுன் நான் படம் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக்கி வைத்திருந்த இடம். பயணமே எனக்கு அதுதான். அன்றைக்கு நான் படகுக் கொட்டில்களுக்கு முன்னால் இருந்து, அந்த ஊரின் கசப்புத் தோடம்பழச் சோடாவைக் குடித்துக்கொண்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் மறைவதைப் பார்த்தேன். அவனும் போனான். வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

"சா, என்ன நீலம் தங்கச்சி! நீ பாத்திருக்கவேணும்."

நான் சோடாவை வைத்தேன். அந்த நிமிடத்தில்தான் முடிவெடுத்தேன். இவன் இதற்குப் பதில் சொல்லாமல் நான் விடமாட்டேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது கதை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பெரியம்மா விமான நிலையத்திலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதா. அப்புறம் மாரிகாலம், பிறந்தநாள், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம். ஒவ்வொரு மண்டபத்திலும் அவனைச் சுற்றி ஒரு மேசை கூடும். ஒவ்வொரு மேசையிலும் கடல் இன்னும் ஆழமாகும்.

"அவள் கீழ தாண்டுகொண்டு போறாள். நான் நேர முன்னுக்குப் போய், ரெண்டு கையையும் பிடிச்சு, கண்ணைப் பாத்து, பயப்பிடாதை அண்ணா வந்திட்டன் எண்டு..."

"தண்ணிக்குள்ள எப்பிடியடா கதைச்சனி?" என்று ஒரு அங்கிள் கேட்டார்.

"கண்ணால அங்கிள்."

"சுறாவும் வந்ததாமே?"

அவன் இல்லையென்று சொல்லவில்லை. ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

நான் எழும்பிச் சொல்லிப் பார்த்தேன். "அப்பிடி இல்லை அங்கிள், என்னை விட்டிட்டுப் போனவர்." மேசை முழுதும் சிரித்தது. "தங்கச்சிக்கு வெக்கம்" என்றார்கள். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "காப்பாத்தின பிள்ளையை உப்பிடிச் சொல்லாதை, வாய் அழுகும்" என்றா. அதோடு நிற்கவில்லை. நன்றிக்கடனாக ஞாயிறு தவறாமல் கணவாய்க் கறி சமைத்து, பிக்கரிங்குக்கு என்னிடமே கொடுத்தனுப்பினா. சூடான சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் ரெயிலில் போவேன், என்னைக் கடலில் விட்டுப் போனவனுக்குக் கடல்கறி கொடுக்க. அவன் வாசலில் வாங்கும்போது, "சித்திக்குச் சொல்லு, போன முறை உறைப்புக் கொஞ்சம் காணாது" என்பான்.

நான் திரும்பி வரும் ரெயிலில் திட்டம் போட்டேன். வேறு வழியெல்லாம் யோசித்தேன், அவனுடைய கமெராவுக்குள் உப்புத் தண்ணீர் விடுவது உட்பட. எதுவும் போதாது போலிருந்தது. எனக்கு வேண்டியது அவன் வாய்.

மார்ச் மாதத்தில் கழகம் அடுத்த ஐப்பசியில் திரும்பவும் கோசோவுக்குப் போவதாகச் சொன்னது. என்னை ஆழமில்லாத குடாவில், புதியவர்களோடு போட்டிருந்தார்கள். சுரங்கவழிக்குப் போகிற குழுவில் அவன் பெயர். பயிற்றுநரிடம் போய் நின்றேன்.

"மீட்புப் பயிற்சியை முடி. பிறகு பார்க்கலாம்" என்றா.

மீட்புப் பயிற்சி என்பது ஆபத்தில் இருக்கும் சுழியோடியைக் காப்பாற்றப் பழகுவது. சுரங்கவழிக் குழுவுக்கு அது இந்த வருடத்தில் இருந்து கட்டாயம், ஆகவே அவனும் வரவேண்டும். அதில் ஒரு பாடம் இருக்கிறது. மேற்பரப்பில் ஒருவர் பயந்து தத்தளிப்பவராக நடிக்கவேண்டும். மற்றவர் நீந்திப் போய்க் கரைசேர்க்கவேண்டும். எங்கள் கழகத்தில் எல்லாரும் மரியாதைக்காரர்கள். இரண்டு தரம் கையை ஆட்டிவிட்டு, இழுத்துக்கொண்டு போக வசதியாக மல்லாந்து படுத்துவிடுவார்கள்.

நான் படுக்கப் போவதில்லை. அந்த மூன்று மாதமும் அதைத்தான் படித்தேன். உண்மையாகவே பயந்தவர் முகக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளுவார். ரெகுலேட்டரைத் துப்புவார். கூப்பிட்டால் கேட்காது. கைக்கு எட்டுகிற எதன் மேலும் ஏறுவார், மனிதன் என்றால் மனிதன் மேல். அதனால்தான் மீட்பவர் முன்னால் போகவே கூடாது. பின்னால் சுற்றிப் போய், சிலிண்டரின் தலையைப் பிடித்து, முழங்காலால் சிலிண்டரை இறுக்கிக்கொள்ள வேண்டும். அப்போது தத்தளிப்பவரின் கை எட்டாது. இது பாடத்தின் முதல் பக்கம். அவன் மண்டபம் மண்டபமாக முன்னுக்குப் போய்க் கையைப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உடம்பும் அதைப் பழகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஆனி மாதம், கற்குழி. தண்ணீர் இன்னும் ஐஸ். கரையில் கழகம் முழுவதும் நின்றது, தேநீர்க் குவளைகளோடு. யார் தத்தளிக்கப் போகிறீர்கள் என்று பயிற்றுநர் கேட்டதும் என் கை எழும்பிவிட்டது. யார் மீட்பது என்றா.

"அண்ணாவுக்குத்தான் பழக்கம்" என்றேன் ஆங்கிலத்தில். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பாவம்.

நான் நீந்திப் போய்க் குழியின் நடுவில் நின்றேன். விசில் கேட்டது. முகக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினேன். ரெகுலேட்டரைத் துப்பினேன். கத்தினேன். கத்த எனக்கு நடிக்கத் தேவைப்படவில்லை. அன்று பாறைக்குப் பக்கத்தில் நின்றதில் இருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

அவன் வந்தான். நேராக. முன்னால்.

"தங்கச்சி, இஞ்ச பார், அண்ணா வந்திட்டன்..."

கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்து, தோளைப் பிடித்து, தலையைப் பிடித்து, அவன் மேல் ஏறினேன். முழங்காலை அவன் மார்பில் வைத்து இன்னும் மேலே ஏறினேன். அவன் தண்ணீருக்குள் போனான். அவன் முகக்கண்ணாடி கழன்று எங்கோ போனது. தள்ளிக்கொண்டு வெளியே வந்து இருமினான். நான் விடவில்லை, திரும்பவும் பிடித்தேன். அவன் என்னிடமிருந்து தப்பி ஓடினான். மெய்யாகவே, காப்பாற்ற வந்தவன், கரையை நோக்கி நாய்நீச்சல் அடித்தான். விசில் ஊதப்பட்டது. கரையில் யாரோ கைதட்டினார்கள்.

பக்கத்திலேயே மிதவையோடு நின்ற பயிற்றுநர் அவனைப் பார்த்தா. "முன்னால் போகச் சொல்லி யார் படிப்பித்தது?"

அவன் இருமிக்கொண்டிருந்தான்.

"கோசோவில் இவளை எப்படிக் கொண்டுவந்தாய்? இப்படியா?"

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். அவ இன்னும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, "திரும்பச் செய்" என்றா.

விசிலுக்கு முன் அவன் எனக்குக் கிட்டே நீந்தி வந்தான். உதடு நீலம்.

"பிளீஸ் தங்கச்சி, இந்த முறை கொஞ்சம் சும்மா கிட."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்கோ."

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

"இஞ்ச. இவைக்கு."

"எல்லாரும் பாக்கினம்."

"அதுக்குத்தான்."

"நீ என்னடி, இவ்வளவு நாளா உதை மனசில வைச்சுக்கொண்டே இருந்தனி?"

"ஓம்."

அவன் கரையைப் பார்த்தான், பயிற்றுநரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு மெல்ல மிதப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நான் மிதந்தேன். பிறகு அவன் ஆங்கிலத்தில், துண்டு துண்டாக, பற்கள் அடித்துக்கொள்ள, சொன்னான். "அன்றைக்கு அவள் பயப்படவில்லை. நான்தான் அவளை நிற்கச் சொல்லிவிட்டுப் படமெடுக்கப் போனேன். மீனைத் துரத்திக்கொண்டு போனதில் பாறை எதுவென்று தெரியாமல் போய்விட்டது. பயத்தில் அவளைத் தேடாமல் ஏறி வந்துவிட்டேன். அவள் தானாகத்தான் வந்தாள்."

பயிற்றுநர் தலையை ஆட்டினா. "நல்லது. திரும்பச் செய்" என்றா, அவ்வளவுதான். விசில் ஊதினா.

சொன்னால் சும்மா கிடப்பேன் என்று நான் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. திரும்பவும் முகக்கண்ணாடி நெற்றிக்கு, திரும்பவும் கத்தல். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். ஆனால் இந்த முறை அவன் சுற்றிப் போனான். பின்னால் வந்தான். சிலிண்டரின் தலையைப் பிடித்தான், முழங்காலை வைத்தான். நான் எட்டி எட்டி அடித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கரைவரை என்னை முதுகுப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனான், ஒரு சொல் பேசாமல். நன்றாகத்தான் செய்தான். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

உடுப்பு மாற்றும்போது பயிற்றுநர் வந்து என் சிலிண்டரைத் தூக்கி வாகனத்தில் வைத்தா. "ஐப்பசியில் நீ சுரங்கவழி. முன்னால் நீ போ. அவன் குடாவில் இருக்கட்டும்" என்றா. மன்னிப்பு மாதிரி ஒன்றையும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அவனுடைய வாகனத்தில்தான் வரவேண்டியிருந்தது. அவன் சூடாக்கியை முழுதாகப் போட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடி ஓட்டினான். வழியில் கோப்பி வாங்கித் தந்தான். வாங்கிக் குடித்தேன். கோபம் வேறு, கோப்பி வேறு.

"இனிக் கோவம் போட்டுதே?"

"இல்லை."

"இன்னும் என்னடி வேணும் உனக்கு? எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்."

"அது வெள்ளைக்காரருக்கு. எங்கட சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

401 நெடுஞ்சாலையில் ஏறியதும் வாகனங்கள் நெருங்கி, மெதுவாகி, நின்றுவிட்டன. அப்போது தொலைபேசி அடித்தது. வாகனத்தின் திரையில் பெரியம்மாவின் படம், பட்டுச் சேலையோடு. அவன் எடுக்கக் கையை நீட்டவில்லை. நான் நீட்டினேன்.

"தம்பி, எங்க நிக்கிறாய்? தங்கச்சி கூட இருக்கிறாளே?" பெரியம்மாவின் குரல் நான்கு பக்கத்தாலும் வந்தது. "தண்ணி குளிரே? பிள்ளை இந்த முறையும் பயந்தவளே? நீ பக்கத்தில நிண்டனிதானே?"

அவன் என்னைப் பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். கண்ணால் பேசத் தெரிந்தவன்தானே. நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"தம்பி? கேக்குதே?"

"கேக்குது அம்மா."

"பயந்தவளே எண்டு கேக்கிறன்."

முன்னால் நின்ற லொறியின் சிவப்பு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்திருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அவள் பயப்பிடேல்லை அம்மா. நான்தான் பயந்தனான். இண்டைக்கும், அண்டைக்கும்."

"என்னடா விசர்க் கதை கதைக்கிறாய்? தலையைத் துடைச்சனியே?"

"துடைச்சனான். அம்மா, மால்டாவில நான் அவளை விட்டிட்டு வந்திட்டன்."

பெரியம்மாவின் பக்கம் தொலைக்காட்சியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, அது நிறுத்தப்பட்டது.

"அப்ப அவள் எப்பிடியடா மேல வந்தவள்?"

அவன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இந்த இடத்தை அவன் சொல்லக்கூடாது. காலை வாகனத்தின் முன்பலகையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒலிவாங்கிப் பக்கம் சாய்ந்தேன்.

"பெரியம்மா, நான் சொல்லுறன். அம்மாவையும் லைனில எடுங்கோ. இருந்து கேளுங்கோ."

வரிசை அசையவே இல்லை. பிக்கரிங்குக்கு இன்னும் நிறையத் தூரம் இருந்தது.